பாகலூர் சாலையில் 24 தனி வீடுகள்: விளம்பரத்தை எங்கிருந்து தொடங்குவது?

மனைப்பிரிவு_ஓசூர் கேட்டது:

ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் 4 ஏக்கரில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவு. 84 மனைகள், எல்லாம் 30×40. முதல் கட்டமாக 24 மனைகளில் நாங்களே வீடு கட்டி, மனையோடு சேர்த்து விற்கிறோம். தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. கட்டுமானப் பரப்பு 950 சதுர அடி, கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் பயன்படும் பரப்பு) 790. மேலே ஒரு மாடி எழுப்பத் தாங்கும் அஸ்திவாரம். 12 வீடு கிழக்குப் பார்த்தது, 12 மேற்கு.

யோசித்திருக்கும் விலை 46.5 லட்சம். இ.பி., தண்ணீர், சாக்கடைக்கு டெவலப்மென்ட் சார்ஜ் 1.25 லட்சம் தனி. கார்னருக்கு 1 லட்சம் கூடுதல். விளம்பரச் செலவுக்கு 12 லட்சம் ஒதுக்கியுள்ளோம்.

மனைப்பிரிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இருக்கிறது. வீடுகளுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் வாட்ஸ்அப்பில் ப்ரீ-லாஞ்ச் என்று போட்டு, ஆளுக்கு 10,000 வாங்கி ஆர்வப் பதிவு செய்யலாமா? பெங்களூரு ஆட்களைக் குறிவைப்பதா, சிப்காட் தொழிலாளர்களையா? மாடல் ஹவுஸ் அவசியமா? பிராஷரில் விமான நிலையம், மெட்ரோ போடலாமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பத்திரமும்_பட்டாவும்:

முதலில் அந்த 10,000 ரூபாய் விஷயம். வேண்டாம் சார். 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 3-வது பிரிவு, பதிவுக்கு முன் விளம்பரம், முன்பதிவு, விற்பனை எல்லாவற்றையும் தடுக்கிறது. 'வாங்க அழைப்பது'கூட அதில் அடங்கும். எந்த ஊடகமானாலும் விளம்பரம் விளம்பரம்தான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு விலக்கு கிடையாது. மீறினால் அபராதம் திட்ட மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை போகும். 500 சதுர மீட்டர் அல்லது 8 வீடு வரைக்கான விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. மூன்று மூன்று வீடாகப் பிரித்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்கு.

மனைப்பிரிவுக்கு வாங்கிய எண்ணை வீட்டு விளம்பரத்தில் போடுவதும் தவறு. வீட்டுத் திட்டத்துக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 30 நாளில் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தாமதம் பெரும்பாலும் காகிதக் குறையால்தான் வருகிறது: மூலப் பத்திரத்தில் சர்வே எண் ஒன்று, பட்டாவில் உட்பிரிவு வேறு, எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தகம்) வரைபடத்தில் அளவு வேறு. இந்த மூன்றையும் இப்போதே ஒப்பிட்டுச் சரி செய்து வையுங்கள்.

எண் வந்த பிறகு நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், முகநூல் படம் எதிலும் ரெரா எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மூலையில் எறும்பு எழுத்தில் போட்டால் அது போட்ட கணக்கில் வராது. பரப்பளவைக் கார்ப்பெட் ஏரியாவாகவே சொல்லுங்கள். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி அதில் சேராது. உள் தடுப்புச் சுவர் சேரும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதை நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். அதனால் விளம்பரச் செலவை மிச்ச 30-லிருந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் பணவரவுத் திட்டத்தை இதை வைத்துப் போடுங்கள்.

விமான நிலையத்தைப் பிராஷரில் போடாதீர்கள். ஓசூர் விமான நிலையம் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பு. பெங்களூரு மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. ஓசூர் நீட்டிப்பு யோசனை அளவில் பேசப்படுவது. 'பொம்மசந்திரா மெட்ரோ நிலையம் இத்தனை கிலோமீட்டர்' என்று அளந்து போடுவது உண்மை, 'மெட்ரோ அருகில்' என்பது வம்பு. 12-வது பிரிவின்படி விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் அது பொய் என்று காட்டினால் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். பூங்கா இடத்துக்கும் இதுவே. ஓ.எஸ்.ஆர். நிலம் (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கியது) தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விட்டது. அங்கே கிளப் ஹவுஸும் நீச்சல் குளமும் வரைந்து காட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

---

கடன்_கணக்கு:

உங்கள் விலைப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விளம்பரத்துக்கு முன்னால் அதை அடைத்துவிடுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இரண்டு விதம். பெருநகரம் அல்லாத ஊரில் கார்ப்பெட் 90 சதுர மீட்டருக்குள், மொத்தத் தொகை 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். தாண்டினால் 5. பெங்களூரு அந்தப் பெருநகரப் பட்டியலில் இருக்கிறது, ஓசூர் இல்லை. 90 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 968 சதுர அடி. உங்கள் 790 தாராளமாக உள்ளே வருகிறது. இடிப்பது விலைதான். அதிலும் 45 லட்சம் என்பது வீட்டு விலை மட்டும் இல்லை. டெவலப்மென்ட் சார்ஜ், கார்னர் சார்ஜ், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத்தான்.

இப்போதைய திட்டப்படி வாங்குபவர் கணக்கு: 46.5 + 1.25 = 47.75 லட்சம். ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 2,38,750. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 4,29,750. மொத்தம் 54.43 லட்சம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 வரை என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது. 38.2 லட்சம் கடன் போக, கையில் 16.23 லட்சம் வேண்டும்.

எல்லாம் சேர்த்து 44.9 லட்சம் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. 44,900. பத்திரச் செலவு 4,04,100. மொத்தம் 49.39 லட்சம். கடன் 35.92, கைக்காசு 13.47. நீங்கள் விட்டுக்கொடுப்பது 2.85 லட்சம், வாங்குபவருக்கு மிச்சம் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த 2.85-ஐ லாபத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் கதவு, ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் குடிவந்த பிறகு அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றத்தான் போகிறார்கள். ஆனால் குழாய், கம்பி, நீர்க்கசிவுத் தடுப்பில் கை வைக்காதீர்கள்.

கார்னரை 45.9 என்று போட்டால் 1 லட்சத்தோடு முடியாது. வரி 1-லிருந்து 5-க்குத் தாவி, வாங்குபவர் தலையில் கூடுதலாக 1.84 லட்சம் வந்து விழும். அதனால் கார்னரை 44.9-ல் நிறுத்தி, நடுவீடுகளை 44.2-க்குக் கொண்டுவாருங்கள்.

கட்டி முடித்துச் சான்று பெற்ற பிறகு விற்றால் ஜி.எஸ்.டி.யே கிடையாது. மூலதனம் தாங்கினால் நான்கு வீட்டையாவது அப்படி முடித்து வைத்து விற்கலாம். எந்தச் சான்று செல்லும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்திலேயே வாங்குங்கள்.

யாரைக் குறிவைப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 35.92 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதம் 31,200 ரூபாய் சுற்றி வரும். வங்கிகள் பொதுவாகக் கைச்சம்பளத்தில் பாதிக்குள் எல்லா இ.எம்.ஐ.யும் அடங்க வேண்டும் என்று பார்ப்பார்கள், பைக் லோன் உட்பட. ஆக வீட்டுக்கு 65,000 – 70,000 வர வேண்டும். சிப்காட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்தில் பலருக்கு இது எட்டாது. கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடுகள், சீனியர் டெக்னீஷியன், சூப்பர்வைசர், பள்ளி ஆசிரியர், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை கொடுப்பவர்கள்: இவர்கள்தான் உங்கள் ஆட்கள்.

ரெரா எண் வந்தவுடன் இரண்டு மூன்று வங்கிகளில் திட்ட ஒப்புதல் வாங்குங்கள். 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், வழக்கறிஞர் கருத்து, அனுமதி வரைபடம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வங்கி புதிதாகச் சட்டக் கருத்து எடுத்தால் அதற்குள் பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள்.

---

சைட்_இன்ஜினியர்:

மாடல் ஹவுஸ் அவசியம். ஆனால் ஒன்று இல்லை, இரண்டு: முடித்தது ஒன்று, பூசாமல் நிறுத்தியது ஒன்று.

முடித்த வீட்டில் பலர் 3 அடிக் கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டுவார்கள். செய்யாதீங்க. ஒரு 10×11 அடி அறையில் 5 அடி அகலம், 6¼ அடி நீளக் கட்டிலை 10 அடிச் சுவரில் தலைமாடு வைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி இருக்கும். எதிர்ச் சுவரில் 2 அடி ஆழ பீரோ வைத்த பிறகும் கட்டில் காலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டே முக்கால் அடி மிஞ்சும், கதவு முழுசாத் திறக்கும். அதை வாங்க வந்தவரே திறந்து பார்க்கட்டும். அடுப்பு மேடைக்குக் கீழே கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ் இடத்தில் நிஜ ஃபிரிட்ஜ், வெளியே வாஷிங் மெஷின் பாயின்ட், நிஜ பைக். அலங்காரம் ரசனைக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். பொருள் உள்ளே அடங்குமா என்பதுதான் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, அது நியாயமான கேள்வி.

பூசாத வீட்டில் சாலிட் பிளாக் கட்டு, லிண்டல், குழாய் ஓட்டம், கன்ட்யூட் (மின்கம்பி ஓடும் குழாய்) எல்லாம் தெரியணும். சுவிட்ச் பெட்டியைத் திறந்து வைத்து விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கீசர் ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. என்று கம்பி அருகிலேயே சீட்டு ஒட்டுங்க. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்க. பாத்ரூமில் கழிவுத் துளையை அடைத்துத் தண்ணீர் கட்டி, நீர் மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, தேதி நேரம் எழுதி 48 மணி நேரம் விடுங்க. கோடு இறங்காமலும் வெளிச்சுவரில் ஈரம் பூக்காமலும் இருப்பதைக் காட்டினால் அதற்கு மேல் நோட்டீஸ் எதுக்கு? கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு வீட்டு ரூஃப் கம்பியையும் வீட்டு எண் பலகையோடு போட்டோ எடுத்து, அந்தந்த வீட்டுக்காரர் கோப்பில் வையுங்க. கட்டமைப்புக் குறைக்கு 5 வருடம் நீங்க பொறுப்பு என்பது சட்டத்திலேயே இருக்கு. அதை மறைக்காமல் கொட்டை எழுத்தில் போடுங்க, வாங்குறவங்களுக்குத் தைரியம் வரும்.

அடுத்தது தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃப்ளோரைடு பழைய தலைவலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காக வந்தது, 2013-ல் தொடங்கியது. வெளியூர்க்காரர் உப்புத்தண்ணியா என்று மட்டும் கேட்பார். உள்ளூர்க்காரர் குழந்தைகள் பல்லைப் பற்றிக் கேட்பார். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர்வெல் தண்ணியைக் கொடுத்து அறிக்கை வாங்குங்க. ஒரு லிட்டருக்கு ஃப்ளோரைடு 1 மி.கி. வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை. கரைந்த உப்பு 500, உச்சம் 2000. அறிக்கையில் போர்வெல் எண்ணும் மாதிரி எடுத்த தேதியும் இருக்கணும். அதை அப்படியே மாடல் ஹவுஸ் சமையலறையில் மாட்டுங்க. 1.5-ஐத் தாண்டினால் விற்கிறதுக்கு முன்னாடியே பொது ஆர்.ஓ. வையுங்க, அதன் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்க. ஒகேனக்கல் இணைப்பு ஆணை கையில் வராமல் 'காவிரி நீர்' என்று எங்கேயும் அச்சடிக்காதீங்க.

---

நகரமைப்பு_மாணவன்:

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கர்கள். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட் நிறுவனம் 1947-ல் தொடங்கி 1951-க்குள் 17,000-க்கும் அதிகமான வீடுகளை ஒரே திட்டமாகக் கட்டியது. 1949-ல் வந்த மாடல் 7,990 டாலர். அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் வரை அந்த விலைக்குள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு முன்பணமே தேவைப்படவில்லை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வாடகையோடு ஒப்பிடும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. மேலே கடன்_கணக்கு அண்ணா சொன்ன 'எல்லாம் சேர்த்து ஒரே விலை' அங்கே சோதித்துப் பார்த்த வழிதான்.

அவர்களுடைய முதல் வீடுகள் ஏறக்குறைய 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மேலே முடிக்காத பரண். குடும்பம் பெருகும்போது பரணை அறையாக்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலும் இது இருக்கிறது. கேள்வியில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்! முதல் மாடிக்கான வரைபடம், மாடிப்படி இடம், தூண் கம்பி விட்டிருக்கும் படம், அஸ்திவாரக் கணக்குக்குப் பொறியாளர் கையெழுத்து: இந்த நான்கையும் சாவியோடு தருவதாகச் சொல்லுங்கள். பின்னாளில் பெற்றோருக்கு மேலே ஒரு தளம் அல்லது வாடகைக்கு ஒரு வீடு. ஓசூரில் 45 லட்சத்துக்கு அபார்ட்மென்ட் வாங்குபவருக்குக் கிடைக்காதது இது.

அங்கிருந்து எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அந்தக் குடியிருப்பின் ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்கவில்லை. இங்கே 'சைவக் குடும்பங்களுக்கு மட்டும்', 'நம்மவர்கள் குடியிருப்பு' என்று போடும் விளம்பரங்கள் அதே அநியாயத்தின் உள்ளூர் வடிவம். எழுத்தில் மட்டுமல்ல, சைட்டில் நிற்கும் ஏஜென்ட் வாயிலும் வரக் கூடாது. போனில் ஊரையும் சாதியையும் துருவிக் கேட்கும் ஆளை விற்பனையில் வைக்காதீர்கள்.

---

மூன்றுமொழி_விளம்பரம்:

12 லட்சத்தில் பாதியை நிலத்திலேயே போடுங்க. வண்டி உள்ளே வர தார் ரோடு, தெருவிளக்கு எரிவது, மண் மேடு அகற்றுவது, பாகலூர் ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் அனுமதியோடு ஒரு பலகை. மழைக்காலத்தில் சேற்றில் இறங்கிப் பார்த்தவர் திரும்ப வர மாட்டார். சினிமா தியேட்டர் ஸ்லைடு, பேப்பரில் முழுப் பக்கம் இரண்டும் 24 வீட்டுக்கு வீண்.

மிச்சத்தை முகநூல், இன்ஸ்டாவில் வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவரும் விளம்பரமாகப் போடுங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் தனித்தனி விளம்பரம், தனித்தனி நம்பர். ஓசூர் அப்படிப்பட்ட ஊர். தமிழ் வாசகத்தை இயந்திரத்தில் மொழிபெயர்த்துப் போடாமல், கன்னடக்காரரை வைத்தே கன்னடம் எழுத வையுங்க. ஓசூரைச் சுற்றி ஒரு வட்டம், எலக்ட்ரானிக் சிட்டி – சந்தாபுரா – அத்திபெலேக்கு இன்னொரு வட்டம், இரண்டின் செலவும் தனியாகத் தெரியணும். முழு பெங்களூருவையும் போட்டால் எலஹங்காவிலிருந்து சும்மா விசாரிப்பவர்கள் காசைத் தின்றுவிடுவார்கள்.

விளம்பரப் படத்தில் முதல் வரி: 44.9 லட்சம், ஜி.எஸ்.டி.யும் பத்திரச் செலவும் தவிர எல்லாம் சேர்த்து. இரண்டாவது: கையில் 13.5 லட்சம், மாதம் சுமார் 31,200. மூன்றாவது: 30×40 சொந்த மனை, கார்ப்பெட் 790. வட்டி விகிதத்தையும் வருடத்தையும் கீழேயே போடணும். 'கனவு இல்லம்' என்ற சொல்லைத் தொடவே தொடாதீங்க, ஒவ்வொரு சுவரிலும் அதுதான் இருக்கு.

கர்நாடகாவிலிருந்து வருகிறவர் இ-காத்தா (அந்த ஊர்ச் சொத்துப் பதிவேட்டு ஆவணம்) எங்கே என்று கேட்பார். பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி. என்றால் என்ன, எதை எந்த அரசு இணையதளத்தில் தானே சரிபார்க்கலாம் என்று கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதி வையுங்க. இந்த ஒரு தாள் இல்லாமல் எல்லை தாண்டி வரும் ஆள் முன்பணம் போட மாட்டார்.

விசாரணை வந்தால் கால் மணி நேரத்தில் கூப்பிடணும். நான்கு விஷயம் கேட்டால் போதும்: எங்கே வேலை, கையில் எவ்வளவு, இப்போது என்ன இ.எம்.ஐ. ஓடுது, எப்போது குடிபோகணும். ஏஜென்ட் வைத்தால் அவருக்கும் ரெரா பதிவு வேண்டும். கமிஷனை விற்பனை ஒப்பந்தம் பதிவான பிறகே கொடுங்க.

காலம் பார்த்துத் திறங்க. ஆடியிலும் மார்கழியிலும் பணம் கைமாறாது. அந்த மாதங்களில் வங்கி ஒப்புதல், போட்டோ வேலை. ஆவணி, தை, அப்புறம் தெலுங்கு கன்னடக் குடும்பங்களுக்கு யுகாதி. தீபாவளி போனஸ் வருகிற சமயம் கம்பெனி ஆட்களிடம் முன்பணம் இருக்கும். சிப்காட்டில் வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு இல்லை, ஷிப்ட் முடிந்து மாலையிலும் வருவார்கள். அதனால் சைட் ஆபீஸ் இரவு 8 வரை விளக்கோடு திறந்திருக்கட்டும்.

---

மனைப்பிரிவு_ஓசூர்:

ரொம்ப நன்றி. 10,000 வாங்கும் யோசனையை விட்டுவிட்டோம். விலையையும் 44.2 / 44.9 என்று மாற்றுகிறோம். ஒன்று மட்டும்: மேற்குப் பார்த்த 12 வீடுகளுக்கு விசாரிப்பு குறைவாக இருக்கும் என்று பயம். 50,000 குறைத்துப் போடலாமா?

---

சைட்_இன்ஜினியர்:

குறைத்தால் அதில் ஏதோ குறை இருக்கு என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடும். மாடல் ஹவுஸையே மேற்கில் கட்டுங்க. வெயில்தான் உண்மையான பிரச்சினை, அதைக் கட்டுமானத்தில் தீருங்க: மேற்கு ஜன்னல்களுக்கு இரண்டரை அடி சன்ஷேடு, முன்பக்கம் கார் நிறுத்தும் போர்டிகோ, மொட்டை மாடியில் வெள்ளைக் கூலிங் டைல். அந்த வீட்டைச் சித்திரை வெயிலில் மாலை 4 மணிக்குக் காட்டுங்க, காலையில் காட்டாதீங்க.

---

மூன்றுமொழி_விளம்பரம்:

24-ஐயும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். எட்டு எட்டாகத் திறங்க, ஒவ்வொரு எட்டிலும் நாலு கிழக்கு, நாலு மேற்கு. எல்லாத்தையும் திறந்தால் கிழக்கு 12-ம் முதலில் போய், மிச்சம் இருக்கிறது எல்லாம் மேற்கு என்று ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் பேரம் உங்க கையில் இருக்காது. முதல் எட்டில் குறைந்தது இரண்டு மேற்கு வீடு ஒப்பந்தம் ஆகாமல் அடுத்த எட்டின் விலைப் பட்டியலை வெளியே விடாதீங்க.